முப்பத்திரண்டு அடி வீடு

மலாக்கா நீரிணையின் வடபகுதியில், பங்கோர் தீவுக்கும் தாய்லாந்து எல்லைக்கும் இடையே, சொந்தப் பாய்ப்படகில் குடியிருந்துகொண்டு தீவு தீவாகச் சுற்றும் தம்பதிகளை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த ஓய்வூதியக்காரர்கள். லூமுட், பினாங்கு, லங்காவி என்று மூன்று இடங்களில் இவர்கள் படகைக் கட்டி நிறுத்துகிறார்கள், பழுது பார்க்கிறார்கள், சாமான் வாங்குகிறார்கள். 2009 முதல் 2017 வரை இந்தக் கூட்டத்தில் ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதியின் படகும் இருந்தது. மனைவி, கேமரன் மலையில் திரிங்காப்பை ஒட்டிய தேயிலைத் தோட்டத்து லயத்தில் 1958-இல் பிறந்தவர். அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர், கீழ்ப் பேராக்கில் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்துப் பிள்ளை. கடற்படையில் எஞ்சின் அறை ஆளாகச் சேர்ந்து, லூமுட் தளத்திலேயே பென்ஷன் வாங்கி, பிறகு அங்கேயே ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர்.

படகு அந்தப் பட்டறையில்தான் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு ஊர் போனார். இரண்டு ஆண்டு வாடகை அனுப்பினார். மூன்றாம் ஆண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இப்படி அநாதையாக நிற்கும் படகு இந்தக் கரையின் எல்லாப் பட்டறைகளிலும் ஒன்றிரண்டு இருக்கும். வயது, நோய், மணமுறிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். 32 அடி நீளம், கண்ணாடியிழை உடம்பு, ஒற்றைப் பாய்மரம், 20 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின், 1980-களில் கட்டியது. கணவர் அதை 28,000 வெள்ளிக்கு வாங்கினார். கடலில் இறக்குவதற்குள் அதைப் போல இரண்டு பங்கு செலவாயிற்று. பழைய படகு வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் யாரும் முன்கூட்டி நம்புவதில்லை.

செலவு எங்கே போகிறது என்பதைச் சொல்லிவிடலாம். கண்ணாடியிழை அழுகாது என்பார்கள். ஆனால் வெப்பக் கடலில் இருபது ஆண்டு மிதந்தால் அதன் தோலுக்குள் நீர் இறங்கி அம்மைக் கொப்புளம்போல் புடைக்கும். ஒவ்வொரு கொப்புளத்தையும் உடைத்து, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்சி பூச வேண்டும். பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகள் பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். முனையில் உள்ளுக்குள் வெடித்திருக்கும். அவற்றை மாற்றாமல் கடலுக்குப் போனால் முதல் பலத்த காற்றில் மரம் சாயும். அடிப்பகுதியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த வண்ணம் பூச வேண்டும். இந்த வெதுவெதுப்பான நீரில் அது ஓர் ஆண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு தாங்கும். பாய் கிழியும் முன்பே அதன் தையல் நூல் வெயிலில் இற்றுப்போகும். மனைவி தன் வீட்டுத் தையல் எந்திரத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றியே பெரிய பாயின் ஓரம் முழுவதையும் மறுபடி தைத்தார். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். கணவர் படகுக்கு மனைவியின் பெயரை வைக்க நினைத்தார். ‘என் பேர தண்ணியில எழுத வேணாங்க’ என்று மனைவி சொல்லிவிட்டதால் பழைய பெயரே நின்றது. கடல் வழக்கத்தில் மனைவி பெயரைச் சூட்டுவது புதிதல்ல. தமிழர் கட்டிய ஒரு புகழ்பெற்ற கப்பலுக்கும் அது நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை 1930-களில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவரே சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர். மணம் முடித்த பின் மனைவி ஃபுளோரன்சுடன் அதே படகில் கலாபகோஸ் தீவுகளுக்குப் போய், 1934-இல் அங்கே ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்து, அமெரிக்கக் கடற்படை வந்து மீட்ட கதை அந்நாளில் பெரிய செய்தி. அன்னபூரணிக்கு அவர் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மறுபெயர் வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் அதில் போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் இறங்கினார்கள். உலாப் படகுத் தம்பதிகளின் வரலாற்றில் தமிழர் கைவேலை இப்படி ஓர் ஓரத்தில் நிற்கிறது. அந்த ஓரத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை.

தேயிலை மலையில் பிறந்தவருக்குப் படகு வாழ்க்கை ஒத்துவருமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் லயத்தில் குடியிருந்ததில்லை. லயத்து வீடு என்றால் ஓர் அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் அடுப்படி. அதற்குள் எட்டுப் பேர். படுக்கும் பாயைக் காலையில் சுருட்டி உத்தரத்தில் செருகினால்தான் நடக்க இடம் கிடைக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி உண்டு; அந்த ஆணியில் இல்லாத சாமான் தொலைந்த சாமான். பொதுக்குழாயில் முறைவைத்துப் பிடித்த தண்ணீரில் ஒரு வாளியில் குளிக்கவும், அந்த நீரிலேயே துணியை அலசவும் பழகிய கை அது. படகில் இறங்கினால் இடப்பக்கம் அடுப்பு, வலப்பக்கம் வரைபட மேசை, நடுவில் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை, அணியத்தில் முக்கோணமாக ஒரு படுக்கை. தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர். இரண்டே பேருக்கு இவ்வளவு இடம் எதற்கு என்பதுதான் முதல் வாரத்தில் மனைவிக்குத் தோன்றியது. உடன் நங்கூரமிட்ட வெள்ளைக்காரப் பெண்கள் இட நெருக்கடியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும்போது அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

பூஞ்சணமும் அவருக்குப் பழக்கப்பட்ட எதிரி. திரிங்காப் கடல் மட்டத்துக்கு 1,300 மீட்டருக்கு மேலே, பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும் ஊர். அலமாரித் துணியில் பச்சை பூப்பது அங்கே சாதாரணம். படகுக்குள்ளும் அதே ஈரம், வெப்பம் மட்டும் கூடுதல். அடுப்புக்கரியைத் துணியில் கட்டி ஒவ்வொரு அறைப்பெட்டியிலும் வைப்பது, வெயில் அடித்த நாளில் மெத்தைகளைத் தூக்கி வெளியே போடுவது, சுவரை வினிகர் தொட்டுத் துடைப்பது ஆகிய மூன்றும் அவர் அம்மா லயத்தில் செய்தவை.

புறப்பாட்டுக்கு முன் சாமான் ஏற்றுவதில்தான் திரிங்காப்பின் பங்கு பெரிது. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் புதிய சாலை கம்போங் ராஜா, கோலா தெர்லா வழியாகத் திரிங்காப்புக்கு வருகிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையோடு ஒப்பிட்டால் இது வயிற்றுக்கு இதமானது. லூமுட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்குத் திரிங்காப். அங்கே தேயிலை மலைகளின் அடிவாரமெல்லாம் இன்று பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். மனைவியின் தம்பி அதில் ஒன்றில் மேற்பார்வை வேலையில் இருந்தார். கடலுக்குப் போகும் காய் கடையில் வாங்கும் காயாக இருக்கக் கூடாது. ஒருமுறை குளிரறையில் வைத்த காய், வெளியே எடுத்த இரண்டாம் நாள் வியர்த்து அழுகும். செடியிலிருந்து நேரே வந்த முட்டைக்கோஸ், வெளி இலை நீக்காமல், கழுவாமல், பழைய செய்தித்தாளில் சுற்றிக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் மூன்று வாரம் கெடாது. அதையும் கத்தியால் வெட்டக் கூடாது. வேண்டிய இலையை மட்டும் உரிக்க வேண்டும். தக்காளியைப் பச்சையாக வாங்க வேண்டும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் போய்விடும். முட்டையை நாள்தோறும் புரட்டி வைக்க வேண்டும். சவ்சவ் எதையும் தாங்கும். தின்பவர்தான் அதைத் தாங்க வேண்டும்.

காய் வந்த அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றக் கூடாது என்பது இன்னொரு விதி. அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும். ஒருமுறை குடியேறினால் படகை விற்கும்வரை உடனிருக்கும். எல்லாவற்றையும் கரையிலேயே கொட்டி, உதறி, வலைப்பையில் மாற்றி ஏற்றுவார்கள். காய் கொண்டுவந்த வண்டி காலியாக மலைக்குத் திரும்பாது. பங்கோர் நெத்திலிக் கருவாட்டுக்குப் பேர்போன தீவு. லயத்திலிருந்து வந்த சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் வேண்டியது அதுதான். கோஸ் இறங்கும், நெத்திலி ஏறும். எட்டு ஆண்டும் இந்தப் பண்டமாற்று நின்றதில்லை.

நீரிணையின் காற்றைப் பற்றி ஒரு சொல். நவம்பர் முதல் மார்ச் வரை வாடைப் பருவம். தென்சீனக் கடலைக் கலக்கும் அந்தக் காற்றைத் தீபகற்பத்தின் நடுமலைத்தொடர் மறிக்கிறது. கேமரன் மலையும் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. கிழக்குக் கரையில் தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் படகுகள் நின்றுபோகும் மாதங்களில் மேற்குக் கரையில் வானம் தெளிந்து, காலையில் நிலக்காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் ஒழுங்காக வீசும். ஆகவே இந்தத் தம்பதியின் பயணப் பருவம் டிசம்பரில் தொடங்கும். ஏப்ரலுக்குப் பின் காற்று நம்ப முடியாதது. பல நாள் ஒன்றுமே வீசாது, எஞ்சின்தான். பாய்ப்படகில் சுற்றினோம் என்று சொல்பவர்களின் டீசல் ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஓர் இரவு, விடிவதற்குச் சற்று முன், மேற்கே கரிய சுவர் ஒன்று எழும், அதுதான் ‘சுமத்ரா’ என்னும் சூறைக்காற்று.

அந்தச் சுவரைத் தம்பதி முதன்முதலில் நேருக்கு நேர் கண்டது 2010 ஜூனில், லங்காவியின் குவா நகருக்கு எதிரே. பதினைந்து படகுகள் நங்கூரமிட்டிருந்தன. ஐந்து மீட்டர் ஆழம், சேற்றுத் தரை. அதிகாலை நான்கு மணிக்குக் காற்று சட்டென்று குளிர்ந்தது. மலையில் மழை வருமுன் மேகம் இறங்கும்போது வீசும் அதே குளிர் என்று மனைவி விழித்துக்கொண்டார். கருவியைப் பார்த்து அல்ல. அடுத்த ஐந்து நிமிடத்தில் படகு காற்றுக்கு எதிராகத் திரும்பி, சங்கிலி விறைத்து, மழை கிடையாக அடித்தது. அருகில் நின்ற ஒரு பெரிய படகின் நங்கூரம் பிடிவிட்டு, அது பின்னோக்கி இவர்கள்மேல் வந்தது. கணவர் எஞ்சினை முடுக்கிப் பக்கவாட்டில் விலகப் பார்த்தார். மனைவி அணியத்தில் மண்டியிட்டு, கையில் கிடைத்த ரப்பர் மிதவைகளையெல்லாம் இரண்டு படகுக்கும் நடுவே திணித்தார். இரண்டு கைப்பிடிக் கம்பிகள் வளைந்தன, ஒரு விளக்கு போயிற்று. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, ஒன்றும் நடக்காததுபோல் விடிந்தது. பெரிய படகுக்காரர்கள் ஒரு போத்தல் விஸ்கியோடு மன்னிப்புக் கேட்க வந்தார்கள். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் அங்கே மன்னிப்புக்கு அதிகம் செலவாகாது. அன்றைக்குப் பிறகு இந்தப் படகின் நங்கூரச் சங்கிலி, வழக்கமாக எல்லாரும் விடும் அளவைவிடப் பத்து மீட்டர் அதிகமாகவே இறங்கியது.

காற்றைவிட அடிக்கடி வரும் தொல்லை வலை. நீரிணையின் நடுவே கப்பல் பாதை. உலகத்தின் மிக நெரிசலான கடல் வழிகளில் ஒன்று. சிறுபடகுக்கு அங்கே வேலையில்லை. கரையை ஒட்டிப் போனால் பத்து மீட்டர் ஆழத்தில் மீனவர் வலைகள். பகலில் மூங்கில் கம்பில் கட்டிய கறுப்புக் கொடி தெரியும், இரவில் மினுக்கும் ஒரு சிறு விளக்கு, சில சமயம் அதுவும் இல்லை. பேராக் கரையோரம் ஓர் இரவு விசிறியில் நைலான் வலை சுற்றி எஞ்சின் நின்றது. விடியும்வரை மிதந்து, பிறகு கணவர் ரொட்டி வெட்டும் கத்தியோடு நீருக்குள் இறங்கி அறுத்தார். அறுத்த வலைக்குச் சொந்தக்காரர் படகில் வந்து சேர்ந்தபோது, கணவர் மலாயில் பேசி, வலைக்கு விலை கேட்டு, ஐம்பது வெள்ளி கொடுத்தார். வெளிநாட்டுப் படகுக்காரர்கள் மீனவர்களைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இந்தப் பகுதி இருப்பதில்லை.

சுற்றிய தீவுகளை வரிசையாகச் சொன்னால் லூமுட்டுக்கு எதிரே பங்கோர். அதற்குத் தெற்கே, பேரிலேயே ஒன்பதை வைத்துக்கொண்டிருக்கும் செம்பிலான் தீவுக்கூட்டம். வடக்கே ஏறக்குறைய 70 கடல் மைலில் பினாங்கு. அங்கிருந்து மேலும் 60 மைலில் லங்காவி. வழியில் பவளப் பாறைக்குக் காவல் போட்ட பாயார் தீவு. எல்லை தாண்டினால் தாய்லாந்தின் லிப்பே. மணிக்கு ஐந்து மைல் ஓடும் படகுக்குப் பினாங்கு ஒரு பகலும் கொஞ்சம் இரவும். செம்பிலானில் கரை செங்குத்தாக இறங்குவதால் நங்கூரம் போட நல்ல இடமில்லை. நல்ல வானிலையில் பகலில் மட்டும் நிற்பார்கள். லிப்பேயில் தண்ணீர் கண்ணாடி. அதைப் பற்றிச் சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் போதுமான அளவு சொல்லிவிட்டன.

பங்கோரில் அதிக நாள் தங்கினார்கள். சிறிய தீவுதான், ஆனால் வரலாறு கனத்தது. 1874 ஜனவரியில் பேராக் சுல்தானகத்தின் ஆட்சியில் ஆங்கிலேய ஆலோசகரை அமர்த்திய ஒப்பந்தம் இந்தத் தீவை ஒட்டித்தான் கையெழுத்தானது. அந்தக் கையெழுத்துக்குப் பின் சாலை, ரயில், காப்பி, ரப்பர், அவற்றுக்குக் கூலியாகத் தமிழர். 1885-இல் வில்லியம் கேமரன் மலையை அளக்கப் போனதும், 1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் அதன் நீட்சி. திரிங்காப் லயத்தின் முகவரியைப் பின்னோக்கித் தேடிப்போனால் இந்தத் தீவுக் கடற்கரையில் முட்டிக்கொள்ளலாம். மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் ஃபெர்ரி பிடித்து வருகிறார்கள். அந்த ஒரு நாளில் தீவு தமிழ்த் தீவு. தம்பதி தங்கள் படகைப் பாசிர் போகாக் கடற்கரைக்கு எதிரே நிறுத்தி, பாய்மரத்தில் வேப்பிலை கட்டி, சிறுபடகில் கரையேறிக் காவடியோடு நடப்பார்கள். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரத் தம்பதிகள் இரவில் மேளச் சத்தம் என்று முணுமுணுத்ததும், மறுநாள் அன்னதானச் சோறு வாழையிலையில் படகுக்கே வந்தவுடன் அடங்கிப்போனதும் ஆண்டுதோறும் நடந்த நிகழ்ச்சி.

பினாங்கில் அவர்கள் நங்கூரமிட்ட இடம் ஜெரெஜாக். பினாங்குத் தீவின் கிழக்குக் கரைக்கும் ஜெரெஜாக் தீவுக்கும் இடையிலுள்ள கால்வாய், எந்தப் பருவத்திலும் அலையடங்கிய இடம். 1985-இல் திறந்த பாலம் வடக்கே தெரியும். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்த தீவு அது. அதற்கு முன் தொழுநோயாளர் இல்லம். அதனோடு, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கூலிகளை நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்துவைத்த கொரண்டைன் முகாம். பழைய தலைமுறைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பலருக்கு மலாயா மண்ணில் முதல் கால் பதித்த இடம் பினாங்கு அல்ல, ஜெரெஜாக். படகுக்காரர்களின் வழிகாட்டிப் புத்தகங்களுக்கு அது ‘பாதுகாப்பான நங்கூரத் தளம், சேற்றுத் தரை, பிடிப்பு நன்று’.

மனைவியின் தாயார் அப்படி வந்தவர். 1937-இல் ஆறு வயதில், பெற்றோரோடு, நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ ஏறினார். 1926-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம்வரை ஓடி, கடல் கடந்த தமிழர் நினைவில் வேறு எந்தக் கப்பலும் பிடிக்காத இடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டே, 1938-இல், கூலி ஏற்றுமதியை இந்திய அரசு தடுத்துவிட்டது; ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் திரிங்காப்பில் அந்தக் குடும்பம் இருந்திருக்காது. தாயார் மலையேறிய பின் எழுபத்து மூன்று ஆண்டில் கடலை மறுபடி பார்த்தது ஐந்தாறு முறை, அதுவும் பேருந்து சன்னல் வழியாக. மகள் கடலில் குடியிருக்கப் போகிறாள் என்று கேட்டபோது அவர் சொன்னது, ‘வேற எடம் கெடைக்கலயா?’ என்பது மட்டும்.

2010 டிசம்பரில் அவரைக் காரில் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். வயது எழுபத்தொன்பது. சிறுபடகிலிருந்து பெரிய படகுக்கு ஏற்றுவதற்குக் கணவர் ஒரு ஏற்பாடு செய்தார். பாயை உயர்த்தும் கயிற்றில் பலகை ஊஞ்சல் கட்டி, அதில் மாமியாரை உட்காரவைத்து, கைராட்டினத்தால் மெதுவாகச் சுற்றித் தூக்கினார். பாய்மரம் ஏறிப் பழுது பார்க்க வைத்திருக்கும் அதே ஊஞ்சல். கிழவி ஒரு கையால் கயிற்றையும் இன்னொரு கையால் வெற்றிலைப் பையையும் பிடித்தபடி ஏறிவந்து, ‘மாப்பிள்ளை, என்னைய கருவாட்டு மூட்டையாட்டம் தூக்கிட்டீங்களே’ என்றார்.

எஞ்சினை மெல்ல ஓட்டி ஜெரெஜாக்கை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அப்போது அங்கே ஒரு விடுதி நடந்துகொண்டிருந்தது. துறை, கூரைகள், கரையில் சாய்வு நாற்காலிகள். தாயார் அதை எல்லாம் பார்க்கவில்லை. காட்டு விளிம்பையே பார்த்துக்கொண்டு வந்தார். நினைவிலிருந்து அவர் சொன்னவை இவ்வளவுதான்: எல்லாருடைய துணியையும் வாங்கி ஆவியில் அவித்துச் சுருங்கவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்; மருந்துத் தண்ணீர் நாற்றம்; நீளமான கொட்டகையில் வரிசையாகப் பாய்; கஞ்சிக்கு நிற்கும்போது தன் தம்பி ஒருவன் கைவிட்டுப் போய் வேறு வரிசையில் நின்றது; அவனைக் கண்டுபிடித்ததும் அப்பா அவனை அடித்துவிட்டு அழுதது. அந்தக் கொட்டகை எந்தப் பக்கம் என்று மகள் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. தீவைக் கடல் பக்கமிருந்து அவர் பார்த்தது வந்திறங்கிய அன்று ஒருமுறைதான்; அன்று அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். திரிங்காப் முட்டைக்கோஸில் பொரியல், பங்கோர் நெத்திலிச் சம்பல், சோறு. தாயார் அணியத்து முக்கோணப் படுக்கையை ஏற்கவில்லை, நடுப்பலகையில் படுத்துக்கொண்டார். தண்ணீர் படகின் தோலில் தட்டும் ஓசை இரவு முழுதும் கேட்கும். புதிதாக வருபவர்கள் அதில் தூங்க மாட்டார்கள். அவர் நன்றாகத் தூங்கினார். காலையில் வெறுங்கோப்பி குடித்துவிட்டு, லயத்து வீட்டைவிட இது பரவாயில்லை, கூரை ஒழுகவில்லை என்று ஒரு மதிப்பீடு தந்தார். கரையேறும்போது ஊஞ்சல் வேண்டாம் என்று மறுத்து, மகளின் தோளைப் பிடித்து ஏணி வழியாகவே இறங்கினார். மறுபடி அவர் படகுக்கு வரவில்லை. 2014-இல் திரிங்காப்பில் காலமானார்.

பணம் எவ்வளவு ஆகும் என்பதை எல்லாரும் கேட்பதால்: கணவருடைய பென்ஷன் படகுக்கு, மனைவியுடைய பென்ஷன் வயிற்றுக்கு என்று பிரித்திருந்தார்கள். நங்கூரத்தில் நின்றால் வாடகை இல்லை; மரினாவில் கட்டினால் அடிக்கு இவ்வளவு என்று கணக்கு ஏறும். எஞ்சின் வேலையைக் கணவரே பார்த்தார். பக்கத்துப் படகுகளின் எஞ்சினையும் பார்த்ததில் கொஞ்சம் வந்தது. மனைவி காது வலி, காய்ச்சல், மீன்முள் குத்து, பவளக் கீறல் என்று நங்கூரத் தளத்தின் கிளினிக்கையே நடத்தினார். அதற்குக் காசு வாங்கியதில்லை, பதிலுக்குக் கேக் வந்தது. பவளக் கீறலை உடனே தேய்த்துக் கழுவாவிட்டால் இந்தச் சூட்டில் ஒரு வாரத்தில் புண் எலும்பைத் தொடும் என்று அவர் புதியவர்களைப் பிடித்துவைத்துச் சொல்வார்.

வேலைப் பங்கீடு நிலத்தில் இருந்ததைவிடக் கடலில் மாறியது. முதல் ஆண்டில் கணவர் கட்டளையிடுவார், மனைவி கயிறு இழுப்பார்; கடற்படைப் பழக்கம். வலை சுற்றிய இரவுக்குப் பிறகு மனைவி ஒன்றைக் கேட்டார்: கத்தியோடு இறங்கியவர் மேலே வரவில்லை என்றால் படகை யார் ஓட்டுவது? கேள்விக்குப் பதில் இல்லாததால் பாடம் தொடங்கியது. இரண்டாம் ஆண்டின் முடிவில் லூமுட்டிலிருந்து பினாங்குவரை மனைவியே சுக்கான் பிடித்தார். கணவர் அடுப்படியில் மீன்குழம்பு வைத்தார். கொழுந்து பறித்த பரம்பரைக்கு ஈரக் கயிற்றில் முடிச்சுப் போடுவது வரும். மீன்குழம்பு அப்படி வரவில்லை. மூன்றாம் ஆண்டுதான் சாப்பிடும்படி ஆயிற்று.

2015 செப்டம்பர், அக்டோபரில் சுமத்ரா தீவின் காட்டுத்தீப் புகை நீரிணையை மூடியது. அரை மைலில் வரும் கப்பல் தெரியவில்லை. கணவருக்கு இருமல் பிடித்து, அது நிற்க ஆறு மாதமாயிற்று. முழங்காலும் ஏணிக்கு ஒத்துழைக்கவில்லை. 2016-இல் லிப்பேவரை ஒரு பயணம்; அதுவே கடைசி நீண்ட பயணம். 2017-இல், வாங்கிய அதே பட்டறையில் படகைக் கரையேற்றி, அடி வண்ணம் பூசி, விளம்பரம் கொடுத்தார்கள். போட்ட பணத்தில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது. ஈப்போவில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சீனரும் அவர் மனைவியும் வாங்கினார்கள். மிதவை, கயிறு, வரைபடம், தாதியின் மருந்துப் பெட்டி எல்லாம் சேர்த்தே கொடுத்தாயிற்று. தையல் எந்திரம் மட்டும் வீட்டுக்கு வந்தது.

தம்பதி இப்போது சித்தியவானில் ஒரு தரைவீட்டில் இருக்கிறார்கள். புதிய சொந்தக்காரர்கள் டிசம்பர் பயணத்துக்கு முன் ஒருமுறை போன் செய்வார்கள். மனைவியின் தம்பி திரிங்காப்பிலிருந்து இருபது முட்டைக்கோஸ், வெளி இலை நீக்காமல், செய்தித்தாளில் சுற்றி, லோரியில் ஈப்போவுக்கு அனுப்பிவைக்கிறார்.